டில்ட்! – ஓர் இரும்புக் குண்டின் சரித்திரம்

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் போன் செய்தபோதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "கல்லூரி நினைவுகள் மட்டும் வேண்டாம் தம்பி, அது ஏற்கெனவே இருபத்திரண்டு வந்திருக்கு. வேற ஏதாவது எழுதுங்க." சரி என்றேன். ஆனால் நான் எழுத நினைத்த விஷயம் ஆரம்பிப்பதே நம் கம்ப்யூட்டர் லேபில்தான். ஒரு பத்தி மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005-ல் நாங்கள் முதலாண்டு. லேபில் விண்டோஸ் எக்ஸ்பி. சி புரோகிராம் கம்பைல் ஆகாத நேரங்களில், அதாவது பெரும்பாலான நேரங்களில், அதிலேயே இருந்த 'ஸ்பேஸ் கேடட்' பின்பாலைத் திறந்துவிடுவோம். ஸ்பேஸ் பாரை அழுத்திவிட்டால் குண்டு பாயும். இஸட் கீ இடது துடுப்பு, சாய்கோட்டு கீ வலது துடுப்பு. எக்ஸ் கீயைத் தட்டினால் மேசையே லேசாகக் குலுங்கி, விழப்போகிற குண்டு பிழைத்துக்கொள்ளும். ஆசைப்பட்டு ரொம்பத் தட்டினால் 'டில்ட்' என்று எழுத்து வரும். இரண்டு துடுப்பும் செயலிழந்து, குண்டு நம் கண்ணெதிரே குழிக்குள் போகும். பக்கத்து சிஸ்டத்தில் இருந்த நண்பன் ஒருநாள் எரிச்சலோடு கேட்டான். "கம்ப்யூட்டருக்குள்ள ஏதுடா மேசை? ஏதுடா ஆட்டறது? இதுக்கு எதுக்குடா தண்டனை?"

அப்போது எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்குப் பதில் கிடைத்தது 2019-ல். ஆபீஸ் வேலையாக சான் பிரான்சிஸ்கோ போயிருந்தபோது, பக்கத்தில் அலமேடா என்ற ஊரில் பின்பாலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை போனேன். நுழைவுக் கட்டணம் கொடுத்தால் போதும், பழைய மெஷின்களைத் தொட்டு, ஆடிப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் என்று போனவன் சாயங்காலம்தான் வெளியே வந்தேன். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

ஆணியும் ஸ்பிரிங்கும்

பின்பாலுக்கு முப்பாட்டன் 'பகடேல்' என்ற ஆட்டம். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் பிரபுக்கள் ஆடியது. சாய்வான பலகை, அதில் வரிசையாக ஆணி, இடையிடையே குழி. கோலால் குண்டைத் தள்ளிவிட்டால் ஆணிகளில் முட்டி மோதி ஏதாவது ஒரு குழியில் விழும். அந்த ஆணி, அதாவது 'பின்', இன்றுவரை பெயரில் இருக்கிறது.

1871-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மான்டேகு ரெட்கிரேவ் என்பவர் கோலை எடுத்துவிட்டு ஸ்பிரிங் வைத்த தள்ளுகட்டை ஒன்றைப் பொருத்திக் காப்புரிமை வாங்கினார். பிளஞ்சர் என்று இன்றைக்கும் நாம் இழுத்து விடுகிறோமே, அதேதான். நூற்றைம்பது வருஷம் தாண்டியும் அடிப்படை மாறாத பாகம் அது ஒன்று.

1931-ல் சிகாகோவில் டேவிட் காட்லீப் 'பேஃபிள் பால்' என்ற சின்னப் பெட்டியை வெளியிட்டார். கடை கவுன்ட்டரில் வைக்கும் அளவு. மின்சாரம் கிடையாது, துடுப்பு கிடையாது. விலை பதினேழரை டாலர். ஒரு சென்ட் போட்டால் சில குண்டுகள். அமெரிக்கா முழுக்க வேலையில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த காலம். சினிமாவுக்குப் போக வசதியில்லாதவனிடமும் ஒரு சென்ட் இருந்தது. ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்றது. கேட்டவர்களுக்கெல்லாம் பெட்டி செய்து தர காட்லீபால் முடியவில்லை. அவரிடம் பெட்டி வாங்கி விற்றுக்கொண்டிருந்த ரேமண்ட் மலோனி பொறுமையிழந்து, தானே 'பாலிஹூ' என்று ஒன்றைச் செய்தார். அதன் பெயரில்தான் பின்னாளில் பாலி என்ற பெரிய கம்பெனியே உண்டானது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பெட்டிகளில் ஆட்டக்காரன் செய்யக்கூடியது ஒரே காரியம், பிளஞ்சரை இழுத்து விடுவது. அதற்கப்புறம் குண்டு பாடு, ஆணி பாடு. வேறு எதுவும் செய்ய முடியாததால் அவன் பெட்டியையே பிடித்து ஆட்டினான்.

தூக்குக்குண்டு

இந்த இடத்தில் ஹாரி வில்லியம்ஸ் வருகிறார். ஸ்டான்ஃபோர்டில் இன்ஜினீயரிங் படித்தவர். 1930-களின் தொடக்கத்தில் அவர் செய்த 'அட்வான்ஸ்' என்ற மெஷினை ஒருவன் அடியிலிருந்து உள்ளங்கையால் தட்டித் தட்டி ஏமாற்றிப் புள்ளி எடுப்பதைப் பார்த்தாராம். வந்த கோபத்தில் மெஷினின் அடிப்பலகையில் கூர் வெளியே தெரியும்படி ஆணிகளை அடித்துவிட்டார் என்று சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் கோபம் தணிந்து, இது ரொம்பக் கொடூரம் என்று உறைத்திருக்கிறது. பிறகுதான் இன்ஜினீயராக யோசித்தார்.

ஒரு சின்னப் பீடம், அதன் மேல் ஒரு குண்டு. மெஷினை அளவுக்கு மீறி ஆட்டினால் பீடத்திலிருந்து குண்டு விழும், ஆட்டம் முடிந்தது. அப்படி ஆட்டத்தை இழந்த ஒருவன் "சாய்ச்சுட்டேனே!" என்று தன்னையே திட்டிக்கொண்டதிலிருந்துதான் 'டில்ட்' என்ற பெயர் வந்ததாம். பிற்பாடு இதுவே ஊசல் வடிவத்துக்கு வந்தது. கொத்தனார் சுவர் மட்டம் பார்க்கிற தூக்குக்குண்டு மாதிரி ஒன்று, ஓர் உலோக வளையத்துக்கு நடுவே தொங்கும். லேசாக ஆட்டினால் வளையத்தில் படாது. பலமாக ஆட்டினால் படும், சர்க்யூட் மூடும், மெஷின் அணையும்.

அலமேடாவில் ஒரு பெரியவர் பழைய மெஷின் ஒன்றைத் திறந்து பழுது பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தூக்குக்குண்டைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். விரலால் தட்டிக் காட்டினார். குண்டு கொஞ்சம் கூம்பு வடிவம். மேலே ஏற்றினால் வளையத்துக்கும் அதற்கும் இடைவெளி ஒரு மாதிரி, இறக்கினால் வேறு மாதிரி. கடைக்காரர் தன் கடைக்கு வருகிறவர்களின் குணத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். 'ஆட்டவே கூடாது' என்று சட்டம் போடவில்லை வில்லியம்ஸ். இவ்வளவு வரைக்கும் ஆட்டலாம் என்று ஓர் அளவு வைத்தார். பின்பாலில் கைதேர்ந்தவர்கள் இந்த அளவுக்குள் நின்று மேசையைத் தட்டத் தெரிந்தவர்கள். நம் லேப் எக்ஸ் கீயின் பூர்வீகம் இதுதான்.

அதே வில்லியம்ஸ்தான் 1933-ல் 'கான்டாக்ட்' என்ற மெஷினில் பேட்டரி வைத்து, சொலினாய்டால் குண்டை உதைத்து வெளியே தள்ளினார். கூடவே மணியும் அடித்தது. பின்பாலுக்குள் மின்சாரம் புகுந்தது. 1936 கடைசியில் பாலி கம்பெனியின் 'பம்பர்' வந்தது. ஸ்பிரிங் சுற்றிய தூண்களில் குண்டு மோதினாலே புள்ளி ஏறும். குழியில் விழுந்தால்தான் புள்ளி என்ற பழைய கணக்கு முடிந்தது.

சம்மட்டி

இதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. 1933-ல் பாலி 'ராக்கெட்' என்றொரு மெஷின் விட்டது. ஜெயித்தால் தானாகவே காசு கொட்டும். ஆட்டம் சூதாட்டமாகிவிட்டது. காசு கொட்டாத மெஷின்களிலும் கடைக்காரர்கள் கைக்குள் கையாகப் பரிசு கொடுத்தார்கள். பின்பால் என்றாலே ரவுடிகள், சூது, பள்ளிக்கூடப் பையன்களின் சில்லறையைப் பிடுங்குவது என்று பெயர் கெட்டது.

1942 ஜனவரியில் நியூயார்க் மேயர் லா கார்டியா பின்பாலைத் தடை செய்தார். போலீஸ் கடை கடையாகப் புகுந்து மெஷின்களை அள்ளியது. மேயரே சம்மட்டி எடுத்து உடைத்துப் பத்திரிகைகளுக்கு போஸ் கொடுத்தார். ஆயிரக்கணக்கான மெஷின்கள் நொறுங்கின. அமெரிக்கா அப்போதுதான் யுத்தத்தில் இறங்கியிருந்தது, உலோகம் ஆயுதத்துக்குப் போகட்டும் என்றும் சொன்னார்கள். வேறு பல நகரங்களிலும் தடை வந்தது. மெஷின்கள் தயாராகும் சிகாகோவிலேயே தடை!

மேயர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றிருந்த மெஷினில் ஆட்டக்காரனுக்கு இருந்த பிடி பிளஞ்சரும் கொஞ்சம் ஆட்டலும்தான். மீதியெல்லாம் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தின் மேல் காசு கட்டினால் அதற்குப் பெயர் சூது. இதற்கு வக்கீல்களிடம் நல்ல பதில் இல்லை. பதில் டிசைனர்களிடமிருந்து வந்தது, ஐந்து வருஷம் கழித்து.

இரண்டு துடுப்பு

1947-ல் காட்லீப் கம்பெனியில் ஹாரி மாப்ஸ் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற மெஷினைச் செய்தார. பக்கத்துக்கு மூன்றாக ஆறு துடுப்புகள். பெட்டியின் பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் அவை குண்டை மேலே அடித்துத் திருப்பி அனுப்பும். ஃபிளிப்பர் பிறந்தது. சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆட்டக்காரன் அன்றுதான் ஆடவே ஆரம்பித்தான் என்று சொல்லலாம். பிரான்ஸிலும் இத்தாலியிலும் இந்த விளையாட்டுக்கே 'ஃபிளிப்பர்' என்றுதான் பெயர்.

அடுத்த படி 1948-ல். ஜென்கோ கம்பெனியின் ஸ்டீவ் கோர்டெக், 'டிரிபிள் ஆக்‌ஷன்' மெஷினில் ஆறு வேண்டாம், இரண்டே போதும் என்று அவற்றைப் பலகையின் அடியில், குண்டு தப்பிக்கும் வாசலுக்கு இருபுறமும் வைத்தார். டி.சி. மின்சாரம் கொடுத்ததால் அடி பலமாக இருந்தது. சிக்கனமும் ஒரு காரணம் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இந்தக் கோர்டெக் 1937-ல் மழைக்கு ஒரு கட்டடத்தில் ஒதுங்கியவர். வேலை தேடி வந்திருக்கிறாயா என்று அங்கே கேட்டார்கள், சேர்ந்துவிட்டார். அதுதான் ஜென்கோ. பிறகு நூறு மெஷின்களுக்கு மேல் டிசைன் செய்து, நூறு வயது வாழ்ந்து 2012-ல் மறைந்தார்.

ஃபிளிப்பருக்குள் இருக்கும் காயில் நம்மவர்கள் ரசிக்க வேண்டிய விஷயம். ஒரே சொலினாய்டில் இரண்டு சுற்று. தடித்த கம்பிச் சுற்று ஒன்று, ரெசிஸ்டன்ஸ் குறைவு, கரன்ட் அதிகம். அது ஓங்கி அடிப்பதற்கு. மெல்லிய கம்பிச் சுற்று இன்னொன்று, ரெசிஸ்டன்ஸ் அதிகம். அது தூக்கிய துடுப்பைத் தாங்கிப் பிடிக்க. துடுப்பு மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு ஸ்விட்ச் திறந்து, மெல்லிய சுற்று கணக்கில் சேர்ந்து கரன்ட்டைக் குறைத்துவிடும். இது இல்லாவிட்டால் பட்டனைப் பிடித்துக்கொண்டே நிற்பவனால் காயில் கருகிவிடும். இந்த ஏற்பாட்டால் குண்டைத் துடுப்பில் பிடித்து நிறுத்தி, யோசித்து, குறி பார்த்து அடிக்க முடிகிறது. துடுப்பின் எந்த இடத்தில் குண்டு இருக்கும்போது அடிக்கிறோமோ, அதைப் பொறுத்துத் திசை. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் வைக்கிற இடம் பார்ப்போமே, அந்த நிதானம் இதிலும் வேண்டும்.

ஆட்டக்காரனுக்கு ஓர் ஆயுதம் கொடுத்தால் மெஷினுக்கும் ஒன்று கொடுக்க வேண்டுமே? 1948-லேயே வில்லியம்ஸ் கம்பெனியின் 'சரடோகா'வில், தொட்டவுடன் குண்டை எட்டி உதைக்கும் மின்சார பம்பர் வந்தது. 1953-ல் உருளும் எண்சக்கரங்களில் ஸ்கோர், 1956-ல் பாலியின் 'பால்ஸ்-அ-பாப்பின்' மெஷினில் ஒரே நேரத்தில் பல குண்டுகள், 1962-ல் 'வேகபாண்ட்' மெஷினில் அடித்தால் கீழே இறங்கிவிடும் இலக்குகள். இத்தனையும் ரிலே, கேம், ஸ்டெப்பர், மோட்டார் இவற்றாலேயே. ஒரு ஐ.சி. கிடையாது. அந்தக் காலத்து மெஷின் ஒன்றின் முதுகைத் திறந்து பார்த்தால் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி இருக்கும்.

சட்டமும் டிசைனுக்குள் கை வைத்தது. ஜெயித்தவனுக்கு இலவச ஆட்டம் கொடுப்பதும் சூதுதான் என்று சில ஊர்களில் சொன்னார்கள். 1960-ல் காட்லீப் கம்பெனி 'ஃபிளிப்பர்' என்ற பெயரிலேயே ஒரு மெஷின் விட்டது. இலவச ஆட்டத்துக்குப் பதிலாக, ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டத்திலேயே ஒரு குண்டு கூடுதலாகக் கிடைக்கும். தடையை மீறவில்லை, சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரே ஓர் அடி

வேடிக்கை என்னவென்றால், நியூயார்க் தடை செய்தது துடுப்பில்லாத ஆட்டத்தை. துடுப்பு வந்து ஆட்டமே வேறாகிவிட்டது. ஆனால் தடை அப்படியே இருந்தது. மெஷின் மாற ஐந்து வருஷம், சட்டம் மாற இன்னும் இருபத்தொன்பது வருஷம். இடையில் 1974-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் லாஸ் ஏஞ்சலிஸ் தடை வழக்கில், இது திறமை ஆட்டம் என்று தீர்ப்புச் சொன்னது.

1976 ஏப்ரலில் நியூயார்க் நகர மன்றக் குழு ஒன்றின் முன்னால் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பின்பாலில் கெட்டிக்காரர். இரண்டு மெஷின்கள் கொண்டுவரப்பட்டன, ஒன்று பழுதானால் இன்னொன்று. முதல் மெஷினில் ஏதாவது தில்லுமுல்லு இருக்கும் என்று ஓர் உறுப்பினருக்குச் சந்தேகம். இரண்டாவதில் ஆடு என்றார். ஷார்ப் ஆடிக் காட்டினார். அப்படியும் முகங்களில் மாற்றமில்லை. கடைசியாக பிளஞ்சரைப் பிடித்துக்கொண்டு, குண்டு நடுச் சந்து வழியாக இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, இழுத்து விட்டார். குண்டு மேலே போய், தயங்கி, நடுச் சந்து வழியாகவே இறங்கியது. போதும் என்றார்கள். தடையை நீக்கக் குழு வாக்களித்தது.

அந்த அடியில் அதிர்ஷ்டம்தான் அதிகம் என்று ஷார்ப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். இந்தக் கதையை வைத்து 2022-ல் ஒரு சினிமாவே வந்தது. எனக்குப் பிடித்தது வேறொன்று. திறமையை நிரூபிக்க அவர் கடைசியில் நம்பியது 1947-ன் துடுப்பை அல்ல, 1871-ன் பிளஞ்சரை. திறமை ஆட்டம் என்ற தீர்ப்பை வாங்கிக் கொடுத்ததும் ஓர் அதிர்ஷ்டம்!

மூளை வந்தது

எலெக்ட்ரானிக்ஸ் காலம் இதோடு சேர்ந்தே பிறந்தது. 1974-ல் டேவ் நட்டிங் குழு, பாலியின் ஒரு மெஷினில் ரிலேக்களை எடுத்துவிட்டு இன்டெல் 4004 மைக்ரோபிராசஸரை வைத்துக் காட்டியது. 1977-க்குள் பெரிய கம்பெனிகள் எல்லாம் மாறத் தொடங்கிவிட்டன. ரிலே மெஷினுக்கு ஞாபகம் கொஞ்சம். நாலு பேர் மாறி மாறி ஆடினால் யார் எதுவரை வந்தார்கள் என்ற கணக்கெல்லாம் அதற்குச் சுமை. 1977-ல் பாலியின் 'எய்ட் பால்' ஒவ்வொருவர் நிலையையும் நினைவில் வைத்து, அவர் முறை வரும்போது விட்ட இடத்திலிருந்து கொடுத்தது. இருபதாயிரத்துக்கு மேல் விற்றது.

சந்தோஷம் நீடிக்கவில்லை. 1978-ல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-ல் 'பேக்-மேன்'. பையன்களின் சில்லறை வீடியோ பக்கம் போனது. பின்பால்காரர்கள் பதிலுக்குப் போராடினார்கள். 1979-ல் வில்லியம்ஸின் 'கோர்கர்' பேசியது, ஏழே வார்த்தை. 1980-ல் ஸ்டீவ் ரிட்சி 'பிளாக் நைட்' மெஷினில் ஆடுகளத்தையே இரண்டு மாடியாகக் கட்டினார். விழப்போகிற குண்டைக் காந்தத்தால் பிடித்து நிறுத்த ஆட்டக்காரனுக்கு ஒரு பட்டனும் கொடுத்தார். 1986-ல் அவருடைய 'ஹை ஸ்பீடு', ஆட்டக்காரர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று கவனித்து, இலவச ஆட்டத்துக்கு வேண்டிய ஸ்கோரைத் தானாகவே ஏற்றி இறக்கிக்கொண்டது. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் நாம் போட்ட ஃபீட்பேக் லூப்தான், வேறில்லை.

உச்சம் 1992. பேட் லாலர் டிசைன் செய்த 'ஆடம்ஸ் ஃபேமிலி' இருபதாயிரத்து இருநூற்றுச் சொச்சம் விற்று 'எய்ட் பாலை' முந்தியது. களத்துக்கு அடியில் காந்தங்கள் குண்டைக் கிறுக்குத்தனமாக இழுக்கும். அதோடு ஒரு கட்டத்தில் மெஷின் தானே துடுப்பை அடித்து ஒரு குறியை எட்டப் பார்க்கும். தவறினால் அடுத்த தடவைக்கு டைமிங்கைத் திருத்திக்கொள்ளும். குண்டு யார் சொல்பேச்சைக் கேட்கிறது என்ற பழைய வழக்கில் மெஷினும் ஒரு கட்சியாகச் சேர்ந்துகொண்டது.

மூடுவிழா

இவ்வளவு செய்தும் கூட்டம் குறைந்தது. வீட்டுக்குள்ளேயே வீடியோ கேம் வந்துவிட்டது. 1996-ல் காட்லீப் பரம்பரை முடிந்தது. வில்லியம்ஸ் கம்பெனி தன் இன்ஜினீயர்களிடம், பின்பாலைப் புதிதாகக் கண்டுபிடியுங்கள், இல்லாவிட்டால் மூடுவோம் என்றது. அவர்கள் கண்டுபிடித்தார்கள். வீடியோ திரையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பிரதிபலிக்கச் செய்து, நிஜக் களத்தின் மேலேயே உருவங்கள் நடமாடும்படி 'பின்பால் 2000' செய்தார்கள். இரும்புக் குண்டால் ஒளி உருவத்தை அடிக்கலாம். 1999-ல் இரண்டு மெஷின்கள் வந்தன. அதே 1999 அக்டோபரில் கம்பெனி பின்பால் பிரிவை மூடிவிட்டது. சொன்னதைச் செய்து கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது வீட்டுக்குப் போகும் உத்தரவு.

நானும் இரண்டு வருஷம் உழைத்த ஒரு புராடக்டை ஒரு வெள்ளிக்கிழமை மூடியதைப் பார்த்திருக்கிறேன். உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் இந்த இடத்தைப் படிக்கும்போது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு உலகில் சொல்லிக்கொள்ளும்படி ஒரே கம்பெனிதான் மிஞ்சியது, கேரி ஸ்டெர்னின் 'ஸ்டெர்ன் பின்பால்'. பத்து வருஷத்துக்கு மேல் அது தனியாகத் தாக்குப் பிடித்தது. 2011-ல் 'ஜெர்சி ஜாக்' தொடங்கி, 2013-ல் 'விசர்ட் ஆஃப் ஆஸ்' மெஷினை வெளியிட்டது. பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். கடைக்காரர்கள் வாங்கியது போய், வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் வாங்க ஆரம்பித்தார்கள்.

மீண்டும் லேபுக்கு

நம் 'ஸ்பேஸ் கேடட்' என்ன ஆனது? விஸ்டாவில் அது காணாமல் போனது. காரணத்தை மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2012-ல் எழுதினார். 64 பிட்டுக்கு மாற்றியபோது, குண்டு பிளஞ்சரில் மோதாமல் அதற்குள் புகுந்து கீழே போய்விட்டதாம். கோடு எழுதியது வெளிக் கம்பெனி. பெரும்பகுதிக்குக் கமென்ட் இல்லை. ஏன் இப்படி என்று யாருக்கும் புரியாமல் ஆட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ரெட்கிரேவின் ஸ்பிரிங் நூற்றைம்பது வருஷம் நின்றது. அதன் நகல், கமென்ட் எழுதாததால் பத்து வருஷத்தில் போனது. லேபில் கமென்ட் எழுதச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்ட நம் மேடத்துக்கு இந்த மலரில் ஒரு பிரதி தனியாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அலமேடாவில் அன்று கடைசியாக, துடுப்பில்லாத ஒரு பழைய பெட்டியில் ஆடினேன். மோசமாகத் தோற்றேன். பக்கத்திலேயே துடுப்புள்ள மெஷின். அதிலும் தோற்றேன். ஆனால் முதல் தோல்வியில் பெட்டியைத் திட்டினேன், இரண்டாவதில் என்னைத் திட்டிக்கொண்டேன். நூறு வருஷ டிசைன் சரித்திரம் மொத்தமும் அந்த இரண்டு திட்டுக்கு நடுவில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. முழுக்க அதிர்ஷ்டம் என்றால் அது சூது. முழுக்க நம் பிடியில் என்றால் அது டைப்ரைட்டிங். நல்ல டிசைனர் இரண்டுக்கும் நடுவே ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, இவ்வளவு வரைக்கும் ஆட்டிக்கொள் என்கிறான்.

பக்கத்து சிஸ்டத்து நண்பா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். பதினைந்து வருஷத்துக்கு மேல் தாமதம், மன்னித்துக்கொள். இந்தச் சந்திப்புக்கு நீ வருவதாகக் கேள்விப்பட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லேப் வாசலில் நிற்கிறேன், வா.